ட்ரெபிள் கொஞ்சம் எச்சு

பாத்தீங்ளாங்ணா? கண்டக்டரு என்ற பென்டிரைவ எப்பிடித் திருப்பிக் குடுக்கறாருன்னு பாத்தீங்ளா? ரெண்டு வெரல்ல, செத்த எலிய வாலப் புடிச்சுத் தூக்கறாப்பல! "காதுல ரத்தம் வந்துரும் பூபதி, நீயே வெச்சுக்க சாமி"ங்கறாரு. ஒரு நிமிசம் ஓடலீங். முழுசா ஒரு நிமிசம்கூட ஓடல. அந்தா, மூணாவது சீட்டு அம்மா, இன்னும் முந்தானைய காதுலருந்து எடுக்கல பாருங். ச்சை! இவங்களுக்குப் போய் பாட்டுப் போட்டேன் பாருங், என்னையச் சொல்லணும்.

கோவமெல்லாம் இல்லீங்ணா. கோவம்னா ஒரு டீ குடிச்சாப் போயிரும். இது அருவருப்பு. சோத்துல முடி கெடந்தா எப்பிடி இருக்கும், அப்பிடி. எடுத்துப் போட்டுட்டாலும் அந்தச் சோறு எறங்குமுங்ளா?

கொஞ்சம் இக்கட்ட, எம் பக்கம் திரும்பிப் பேசுங்ளேன். சன்னலப் பாத்துட்டுப் பேசுனீங்கன்னா ஒண்ணும் புரிய மாட்டேங்குது. ஆங், இப்பச் சொல்லுங். ஆமாங், என்ற பாட்டுத்தான் அது. பாடறது இல்லீங்ணா, போடறது. கம்ப்யூட்டர்ல. டிரம்ஸு, பேஸு, அந்தச் சுர்ருனு ஏறுற சத்தம், அத்தனையும் நான் ஒருத்தனே. பேரு பூபதி. பத்துப் பதினஞ்சு வருசத்துக்கு முன்னால டிஜே பூபின்னு சொல்லிருந்தா இந்தப் பல்லடம் ரோட்டுல ஸ்கூல் பசங்க அத்தன பேரும் எந்திரிச்சு நின்னுருப்பானுங்க.

சொல்றேன் சொல்றேன். எப்பிடியும் வண்டி நவுராது. நான் எறங்கிப் போய் பாத்துட்டுத்தான் வந்தேன். கரண்டு எடுக்கற காத்தாடிக்கு றெக்கை ஏத்திட்டு வந்த லாரி, காரணம்பேட்டை முக்குல திரும்ப முடியாம ரோட்ட அடைச்சுட்டு நிக்குது. நம்ம பஸ்ஸு நாலச் சேத்து வெச்ச நீளம் இருக்குமுங், ஒத்த றெக்கை! முன்னால போவோணும்னா பொறத்தால இடிக்குது, பொறத்தால வந்தா கரண்டு கம்பத்துல இடிக்குது. நம்ம டிரைவரு எஞ்சின ஆஃப் பண்ணிட்டு கள்ளக்கா வாங்கப் போயிட்டாரு. இதோ கண்டக்டரும் எறங்கறாரு. வறுத்த கடலைன்னா ரெண்டு பேருக்கும் உசுரு.

முன்னால அந்த அக்கா மடில இருக்கற பாப்பா எதுக்கு உங்க வாட்ச்சையே நோண்டுது? முன்சீட்டுக் கம்பில கைய வெச்சீங்க, அவ்வளவுதான், புடிச்சுக்கிச்சு. ஒரு அமுக்கு, ஒரு சிரிப்பு. ஒரு அமுக்கு, ஒரு சிரிப்பு. நெம்பரு மாறுதுல்ல, அதப் பாத்துச் சிரிக்குது போல. ஏனுங்க்கா, என்ன சொன்னீங்? சத்தம் தொந்தரவாவா? என்னங்க்கா நீங்க, பாப்பா சிரிக்கறது ஒரு தொந்தரவா! வெளாடட்டும் உடுங்.

எங்க உட்டேன்? ஆங். எங்கப்பாரு தறி ஓட்டறவரு. கூலித் தறி. எட்டுத் தறி, ஒரே கொட்டாய். எங்க ஊட்டுக்கும் கொட்டாய்க்கும் நடுவுல ஒரே ஒரு செவுரு, அதுவும் ஒத்தக்கல் செவுரு. நீங்க தறிக் கொட்டாய்க்குள்ள போயிருக்கீங்ளாண்ணா? போவாதீங். டக்கடக் டக்கடக் டக்கடக்னு, நாள் பூரா, எட்டுத் தறியும் எட்டு வேகத்துல. அம்மா சோத்துக்குக் கூப்புடறதுன்னா வந்து தோளத் தட்டும். யாரும் யாரையும் பேரச் சொல்லிக் கூப்புட மாட்டாங்க, தட்டித்தான் கூப்புடுவாங்க. பாசம்னு நெனைச்சுக்காதீங். வேற வழியில்ல.

எங்கப்பாருக்கு நாப்பது வயசுலயே காது போச்சு. தறிக்காதும்பாங்க எங்க பக்கம். நம்ம வாயப் பாத்தாருன்னாத்தான் நாம என்ன சொல்றோம்னு புடிப்பாரு. டிவிய வெச்சாருன்னா நாலு ஊடு தள்ளி இருக்கறவங்களுக்குச் செய்தி கேக்கும். கருமமுங்ணா, பக்கத்துல ஒக்காந்து சோறு திங்க முடியாது. ஒரு நாளு என்ன சொன்னாரு தெரியுமுங்ளா? "முன்ன மாதிரி இல்ல கண்ணு, இப்ப தறி சத்தம் கொறஞ்சு போச்சு. புது ஆயில் நல்ல ஆயில்." நானும் எங்கம்மாவும் ஒருத்தர ஒருத்தர் பாத்தோம், பாருங், எனக்குப் பொரையேறிப் போச்சு! அதே தறி. அதே ஆயில். மனுசனுக்குக் காது போனது தெரியல, தறிய மெச்சிட்டு இருக்காரு!

நான் தப்பிச்சுட்டேன். எப்பிடித் தப்பிச்சேன்? ஹெட்ஃபோனு!

கொட்டாய் ஓனரு பையன் காலேஜுக்குப் போறப்ப பழைய கம்ப்யூட்டர ஒண்ண போட்டுட்டுப் போனான். அத எங்கூட்டு மூலைல கொண்டாந்து வெச்சாங்க. நான் அப்ப ஒம்பதாவது. பல்லடத்துல ப்ரவுசிங் சென்டர்ல ஒருத்தன் சீடில பாட்டுப் போடற சாஃப்ட்வேர் ஏத்திக் குடுத்தான். திருட்டு சாஃப்ட்வேருதான், மறைக்க என்ன இருக்குது, இந்தத் தொழில்ல அத்தன பேரும் அப்பிடித்தான் ஆரமிச்சிருப்பான். தெறந்தா கட்டம் கட்டமா இருக்குது. ஒரு கட்டத்துல கிளிக் பண்ணா டும். இன்னொண்ணுல கிளிக் பண்ணா டிஷ். அய்யோ, அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோசம் இருக்குதே! பதினாறு கட்டம், பதினாறு கட்டத்துக்குள்ள உலகமே இருக்குது! சோறு வேண்டா, பள்ளிக்கூடம் வேண்டா. சந்தைல ஒரு ஹெட்ஃபோனு வாங்குனேன், காத முழுசா மூடறது. பொறத்தால டக்கடக் டக்கடக். அது மேல கேக்கோணும்ல? சவுண்ட முழுசா ஏத்துவேன். கடைசி வரைக்கும். தறி ஓடற அத்தன நேரமும் என்ற காதுக்குள்ள என்ற பாட்டு. அஞ்சு வருசம் இப்பிடி. அந்த ஹெட்ஃபோனு இல்லீன்னா எனக்கும் எங்கப்பாரு மாதிரி ஆயிருக்குமுங். அதுதான் என்ற காதக் காப்பாத்துச்சு.

மொதப் பாட்டு, நம்ப மாட்டீங்க, தறியே தான். செல்ஃபோன்ல தறிச் சத்தத்தப் புடிச்சு, அதைய அறுத்து, கட்டத்துல ஒக்கார வெச்சு, அடில ஒரு பேஸு. அவ்வளவுதான். கேட்டா நெஞ்சுக்குள்ள தறி ஓடறாப்பல இருக்கும். அத மெமரி கார்டுல போட்டு இந்த ராசுக்குட்டி அண்ணங்கிட்டக் குடுத்தேன். இதே கண்டக்டரு! இதே பொன்மணி பஸ்ஸு! அப்பத்தான் வண்டில புதுசா ஸ்பீக்கர் பொட்டி வெச்சிருந்தாங்க, பொறத்தால ரெண்டு, முன்னால ரெண்டு. "என்றா பூபதி, தறியப் போட்டுக் கொண்டாந்திருக்கற? ஊட்லதான் அந்தக் கருமம்னா பஸ்லயுமா?"ன்னாரு. போட்டாரு. மூணாம் நாளு, ஸ்கூல் பசங்க கவர்மெண்டு பஸ்ஸ உட்டுட்டு பொன்மணிக்கு நிக்கறானுங்க! "அண்ணா, தறிப் பாட்டு! தறிப் பாட்டு!" படில தொங்கிட்டு ஆடறானுங்க. ஒரு நாளு இதே அண்ணன் என்னைய எல்லாத்துக்கும் முன்னால நிறுத்தி, "இவந்தான் போட்டது"ன்னாரு. அன்னைக்கு எனக்கு டிக்கெட்டு போடல.

அன்னைக்கு வந்த பழக்கமுங் இது. எந்தப் பாட்ட முடிச்சாலும் மொதல்ல பஸ்ல போட்டுக் கேக்கோணும். கடைசி சீட்டுல ஒக்காந்து ஆளுக மூஞ்சியப் பாப்பேன். கால் ஆடுதா, தலை ஆடுதா. பஸ்ஸு டெஸ்ட்டுன்னு பேரு வெச்சிருக்கேன். மெட்ராஸ்ல ஸ்டுடியோவுல ஆளு ஒசரத்துக்கு ஸ்பீக்கரு வெச்சிருப்பாங்க, அது எல்லாத்தையும் அழகாத்தான் காட்டும். பஸ் பொட்டி பொய் சொல்லாதுங்ணா. அதனாலதான் இன்னைக்கும் குடுத்தேன்.

அப்பறம் ஆரமிச்சுதுங் அசிங்கம். கல்யாண மண்டபம்! பொண்ணு என்ட்ரி, மாப்ள என்ட்ரி, கேக் என்ட்ரி, மாமனாரு என்ட்ரி. ஒவ்வொருத்தருக்கும் ஒரு மியூசிக்கு. அவினாசிப் பக்கம் ஒரு மண்டபம். பொண்ணோட சித்தப்பா, கழுத்துல தாம்புக்கயிறு மாதிரி செயினு, வந்து சொல்றாரு: "தம்பி, எங்க புள்ள உள்ள வர்றப்ப புலி உறுமோணும்."

"பொண்ணு வர்றப்ப எதுக்குங்க புலி?"

"உனக்கு எங்க புள்ளையத் தெரியாது. போடு."

போட்டேன். பொண்ணு வந்துச்சு. புலி உறுமுச்சு. மாப்ள நெசமாவே ஒரு அடி பொறத்தால போனாருங்! சிரிக்காதீங், எனக்கு அழுகையா வந்துச்சு. தறியப் பாட்டாக்குனவன் நானு, பொண்ணப் புலியாக்கிட்டு நிக்கறேன்.

அதுக்கு மேல கோயில் நோம்பி, திருவிழா. மாரியம்மன் நோம்பிக்குப் பொட்டி கட்டுவாங்க பாருங், பத்தடி ஒசரம், மேல மேல அடுக்கி. அதுக்கு முன்னால நின்னா சட்டை ஆடும். நானு எப்பவும் பொட்டிக்கு நேரா, ஒரு கை தூரத்துலதான் நிப்பேன். சவுண்டு சர்வீஸ்காரனுக காதுல பஞ்ச வெச்சுட்டு நிப்பானுங்க. த்தூ! சமைக்கறவன் நாக்குல துணியக் கட்டிக்குவானா? பஞ்ச வெச்சா நெளிவு சுளிவு எப்பிடித் தெரியும்? ஒரு நோம்பிக்குக்கூட நான் பஞ்சு வெச்சதில்லீங். மறுநாளு பூரா காதுக்குள்ள 'ஙொய்'ங்கும். அது கெடக்குது, அப்பறம் போயிரும். இப்பத்தான் கொஞ்ச நாளா போவ மாட்டேங்குது.

அப்பறம் ரீல்ஸு. பதினஞ்சு செகண்டு. நாலு நிமிசப் பாட்டுல ஒருத்தன் பதினஞ்சு செகண்ட வெட்டி எடுத்து நாயி குளிக்கறதுக்குப் போட்டுட்டான். நாயி ஊரெல்லாம் போயிருச்சு, நான் இங்கயே கெடக்கறேன். வாந்தி வருமுங் நெனைச்சா. அந்த வெறுப்புலதான் மெட்ராஸுக்கு பஸ் ஏறுனேன்.

அங்க மாதேஷ் சார்னு ஒரு மியூசிக் டைரக்டரு. அவரு ஆர்மோனியத்துல ஒரு ட்யூன வாசிச்சுக் காட்டிட்டு எந்திரிச்சுப் போயிருவாரு. அதப் பாட்டாக்கறது நாங்க. புரோகிராமர்னு பேரு எங்களுக்கு. நானும் நௌஃபல்னு ஒருத்தனும். புளியந்தோப்புக்காரன். ஒரே ரூமு, ஒரே டேபிளு, ஒரே தட்டுல பிரியாணி, அஞ்சு வருசம். நான் பீட்டு போட்டா அவன் கீபோர்டு போடுவான். அவன் தூங்குனா நான் முடிச்சு வெப்பேன். எனக்குக் கூடப் பொறந்தவன் இல்ல, இருந்தாலும் இவனளவுக்கு இருந்திருப்பானான்னு... உடுங், அதச் சொல்லவே இப்ப நாக்கு கூசுது.

பாப்பா விடாதாட்டம் இருக்குது உங்கள! அமுக்கு கண்ணு, அமுக்கு. அங்கிளு வாட்ச்ச ஒடைச்சுப் போடு.

போன வருசம் எனக்குத் தனியா ஒரு படம் வந்துச்சு. சின்னப் படம்தான், கெணத்துக்குள்ள நடக்கற கதை. ஆனா பேரு என்றது. திரைல 'இசை: பூபதி'ன்னு வரும்! எங்கம்மா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருச்சு. நௌஃபலும் சாருகிட்டச் சொல்லிட்டு எங்கூட வந்துட்டான். பாட்டு நானு, மிக்ஸிங்கும் நானு. மிக்ஸிங்னா ஒண்ணுமில்லீங், ஒரு பாட்டுல நாப்பது சத்தம் இருக்கும்ல, எது எவ்வளவு இருக்கோணும்னு எடை போட்டு வெக்கறது. அடில அதிர்ற பேஸு எவ்வளவு, மேல கீச்சுனு கேக்கற ட்ரெபிள் எவ்வளவு. உப்புக் காரம் பாக்கறாப்பல. மிக்ஸிங் முடிச்சு நௌஃபல்கிட்டக் குடுப்பேன், அவன் டைரக்டருக்கு அனுப்புவான். டைரக்டரு ஒவ்வொண்ணுக்கும் ஃபோனப் போட்டு, "பூபதி, காதுல தேன் ஊத்துனாப்பல இருக்குது"ன்னு சொல்லுவாரு. எட்டு மாசம். எட்டு மாசமும் தேனு!

போன வாரம் ஒரு பழைய ஃபைலத் தேடிட்டு நௌஃபலு கம்ப்யூட்டரத் தெறக்கறேன். என்ற மிக்ஸிங் ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல இன்னொரு காப்பி. அதே பேரு, பின்னால ஒரு 'ந'. என்னடான்னு தெறந்தா, ட்ரெபிள் பூராத்தையும் எறக்கி வெச்சிருக்கான்! மொத மாசம் கொஞ்சமா. அப்பறம் அதைய விட எச்சா. கடைசிப் பாட்டுல பாதிக்குப் பாதி! டைரக்டருக்குப் போனது அத்தனையும் அந்தக் காப்பி. நானு ராஜா மாதிரி ஒக்காந்து எடை போட்டுட்டு இருக்கேன், இவன் நான் எந்திரிச்சுப் போனதும் தராசுல கைய வெச்சிருக்கான்!

டீக்கடைல நின்னுட்டு இருந்தான். நேராப் போய் சட்டையப் புடிச்சேன். "எத்தன நாளா என்ற பாட்டுல கைய வெக்கற?"

அவன் டீயக் கீழ ஊத்தாம வெச்சான் பாருங், அந்த நிதானத்தப் பாத்துத்தான் எனக்கு இன்னும் வெறியாச்சு. "மச்சி, நீ மேல ஏத்திக்கினே போற. நான் எறக்கி வெச்சுக்கினே போறேன். அவ்ளோதான்."

"ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணுவ? தோ இப்ப பண்ற பாரு, இத்ததான் பண்ணுவ. சட்டைய வுடு, பட்டன் போயிடப் போவுது, உங்க அம்மா தெச்சுக் குடுத்த சட்டை."

"எனக்கு மிக்ஸிங் தெரியாதுங்கறயா?"

"உன்ன மாதிரி எவனுக்கும் தெரியாது. உன் காதுதான்டா சரியில்ல. நீ கேக்கறது ஒண்ணு, அதுல இருக்கறது ஒண்ணு. நீ ஏசி ரிமோட்ட அமுக்கிட்டு அமுக்கிட்டு சத்தமே வரலன்னு பேட்டரி மாத்துன பாரு, அன்னிக்கே எனக்கு டவுட்டு."

கேட்டீங்ளா? அஞ்சு வருசம் ஒரே தட்டுல தின்னவன்! எனக்கு, பூபதிக்கு, காது சரியில்லைங்கறான்! உண்மை என்ன தெரியுமுங்ளா? அவன் காது மழுங்கிப் போச்சு. இப்ப வர்ற ஹெட்ஃபோனும் அப்பிடித்தான் இருக்குது, கம்பிளிப் போர்வைக்குள்ள இருந்து கேக்கறாப்பல. மூணு கம்பெனி மாத்திட்டேன், மூணும் குப்பை. முன்ன மாதிரி பொருளு இல்ல. அதனாலதானுங் ட்ரெபிள ஏத்தறேன்! இல்லாதத நான் ஏத்தித்தான ஆவோணும்?

அவன் என்ன சொன்னான்னா, "திங்கக்கெழமைக்குள்ள ஒரு பேப்பர் எடுத்துக்கினு வா. கோயமுத்தூர்ல காது ஆஸ்பத்திரில அப்பாயின்மென்ட் போட்டுட்டேன், உங்க ஊருக்குப் பக்கம்தான். காது நல்லா கீதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா உன் கால்ல வுழறேன். படத்தத் தொட மாட்டேன். இல்லன்னா மிக்ஸிங் நான் பண்றேன், பேரு உன் பேருதான். ஒரு பய கிட்டயும் மூச்சு வுட மாட்டேன்." பேரு எம் பேருதானாம்! பிச்சை! எவன் வேலைக்கோ எம் பேரப் போட்டுக்கறதுக்கு நான் என்ன மாதேஷ் சாரா?

அப்பாயின்மென்ட் இன்னைக்கு, பன்னெண்டு மணிக்கு. சிங்காநல்லூர் தாண்டி எறங்கோணும். அங்கதான் போயிட்டு இருக்கேன். பேப்பர வாங்கி அவன் மூஞ்சில எறியறதுக்கு.

ரெண்டு நாளா ஊர்லதான் இருந்தேன். ஊரும் கெட்டுப் போச்சுங். சாயங்காலம் வாசல்ல ஒக்காந்தா சில்வண்டு கத்தும்ல, காதடைச்சுப் போறாப்பல? ஒண்ணுகூட இல்ல! பூரா மருந்தடிச்சுக் கொன்னு போட்டாங்க. எங்கம்மாகிட்டச் சொன்னேன், "சில்வண்டெல்லாம் செத்துப் போச்சா?"ன்னு. அது எங்கப்பாரப் பாத்துச்சு, எங்கப்பாரு அதப் பாத்தாரு. இவங்களும் நௌஃபலு கூட ஃபோன்ல பேசியிருப்பாங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

வெறுத்துப் போய் என்ன பண்ணேன், கடைசிப் பாட்ட நானே முடிச்சேன். படத்தோட உயிரே அந்தப் பாட்டுத்தான். மொதல்ல அறுத்து வெச்ச அதே தறிச் சத்தத்த அதுல வெச்சிருக்கேன். நௌஃபலு கைபடாம, நானே நேரா டைரக்டருக்கு அனுப்புனேன். எட்டு மாசத்துல மொதத் தடவ சுத்தமா என்ற வேலை. காத்தால ஃபோன் வந்துச்சு. "என்னாச்சு பூபதி? இத வேற யாராச்சும் பண்ணாங்களா? ஊசிய வெச்சுக் குத்தறாப்பல இருக்குது, ஹெட்ஃபோனக் கழட்டி எறிஞ்சுட்டேன்"ங்கறாரு. நேத்து வரைக்கும் தேனு, இன்னைக்கு ஊசி! அதுதான் பென்டிரைவுல போட்டுட்டு வந்தேன். பஸ்ஸு சொல்லட்டும். பஸ்ஸு பொய் சொல்லாதுன்னு.

நீங்களும் காதப் பொத்துனீங்ளாண்ணா? நான் பாக்கல. அப்ப நான் கடைசி சீட்டுல இருந்தேன், உங்க முதுகுதான் தெரிஞ்சுது. நெசத்தச் சொல்லுங், நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்.

ம்.

ட்ரெபிள் கொஞ்சம் எச்சா. கொஞ்சம்னா எவ்வளவு? சரி, உடுங். உங்களுக்கு அம்பது வயசு இருக்குமா? அந்த வயசுல அப்பிடித்தான் இருக்கும். கொழந்தைக காதுதான் சுத்தமான காது, புதுக் காது. ஆனா பாட்டு ஓடறப்ப பாப்பா அழுதுச்சுல்ல? பசில அழுதிருக்கும். ஏனுங்க்கா, பாப்பாவுக்குப் பசிதான? தூங்கிட்டு இருந்துதா? பாட்டு வந்ததும் தூக்கிப் போட்டு எந்திரிச்சுதா?

சரி.

என்னங்ணா சொல்றீங்? வாட்ச்சா? வாட்ச்சுக்கு என்ன? அமுக்குனா சத்தம் வருமா? எந்த வாட்ச்சு, இதுவா?

இல்லீங்ளே. பாப்பா அப்ப இருந்து அமுக்கிட்டுத்தான இருக்குது, எங்க சத்தம் வந்துச்சு? கீ கீன்னா? அதுக்குத்தான் பாப்பா சிரிக்குதா? நெம்பருக்கு இல்லியா? அந்த அக்கா தொந்தரவாங்களான்னு கேட்டது இந்தச் சத்தத்தையா?

பேட்டரி வீக்கா இருக்குமுங். நான் சொல்றேன், சீப்பு வாட்ச்சு. சத்தம் ரொம்ப மெல்லிசா இருக்கும், பஸ்ஸு எரைச்சல்ல... எஞ்சின் ஆஃப்ல இருக்குது, ஆமா. ஆஃப்லதான் இருக்குது.

எங்கப்பாரு எங்க வாயப் பாத்தாப்பல எதுக்கு எல்லாரும் என்ற வாயப் பாக்கறீங்?

அய்ய, இதுக்குப் போய். சரி, ஒண்ணு பண்ணுவோம். ஆஸ்பத்திரில இதத்தான் பண்ணுவாங்ளாம், நௌஃபலு சொன்னான். காதுல ஒண்ண மாட்டி உட்டு, சத்தம் கேட்டாக் கையத் தூக்குன்னுவாங்ளாம். அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம் போவோணும்? டிரைவரு இன்னும் கள்ளக்காதான் தின்னுட்டு இருக்காரு. இங்கயே பாத்துருவோம். நான் கண்ண மூடிக்கறேன். நீங்களோ பாப்பாவோ, எப்ப வேணும்னாலும் அமுக்குங். சொல்லாம அமுக்குங். எனக்குக் கேட்டுச்சுன்னா கையத் தூக்குவேன். தூக்கிட்டேன்னா ஆஸ்பத்திரியும் வேண்டா ஒண்ணும் வேண்டா, சூலூர்லயே எறங்கி திரும்பிருவேன். அவன் கால்ல உழுவட்டும்.

எனக்குக் கேக்குமுங்ணா. ஒம்பதாவதுல இருந்து இந்தக் காத வெச்சுத்தான் சோறு திங்கறேன்.

வாட்ச்ச இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டாங். இன்னும். ஆங். மூடிட்டேன்.

அமுக்குங்ணா.

ம்... அமுக்குங், என்ன யோசனை பண்றீங்?

ஏனுங்ணா. பாப்பா எதுக்குச் சிரிக்குது?